கணினித் திரை இருண்டால் என் செய்வது?

குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்த ஓர் ஆனி மாதக் காலை. மலையடிவாரத்திலுள்ள ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைப் பார்வையிடும் பொருட்டுச் சென்றிருந்தேன். வாசலில் பத்துப் பன்னிரண்டு அங்கத்தினர்கள் குடையும் கையுமாக நின்றுகொண்டிருந்தனர். அவர்களுள் முதியவரான ஒரு நெல் விவசாயி, பயிர்க்கடன் பணத்தை மடியில் முடிந்துகொண்டு வந்திருந்தார். அன்று அவருடைய தவணையின் கடைசி நாள். உள்ளேயிருந்த எழுத்தரோ, “கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு அண்ணாச்சி, நாளைக்கு வாங்க” என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

தவணை தவறாமல் திருப்பிச் செலுத்தும் விவசாயிக்குப் பயிர்க்கடனுக்கு வட்டியில்லை என்பது நம் மாநிலத்துக் கூட்டுறவுச் சங்கங்களில் உள்ள சலுகை. தவணை தவறினால் அச்சலுகையும் தவறும். ஆகவே அம்முதியவருக்கு “நாளைக்கு வாங்க” என்ற சொல் சாதாரணச் சொல் அன்று. ஓராண்டு வட்டியைச் சுமத்தும் சொல்லாகும்.

மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். முந்திய இரவு ஜன்னல் வழியே சாரல் அடித்தமையால் மேசையைச் சுவரைவிட்டு ஒரு முழம் நகர்த்தியிருந்தார்கள். நகர்த்தும்போது மானிட்டருக்குச் செல்லும் கேபிள் பாதி கழன்று தொங்கிற்று. அதை நேராக அழுத்திச் செருகி, இருபுறத் திருகாணிகளையும் முடுக்கியதும் திரை ஒளிர்ந்தது. செலவு ஒரு காசும் இல்லை. நேரம் இரண்டு நிமிஷம். முதியவர் பணத்தைக் கட்டி ரசீது பெற்றுச் சென்றார்.

அச்சங்கத்தைக் குறைகூறும் நோக்கத்துடன் இதை எழுதவில்லை. கணக்குப் பேரேட்டில் வளர்ந்த நம் ஊழியர்களின் மேசைக்குக் கணினி வந்து சேர்ந்தது. அதன் உடற்கூற்றை அவர்களுக்கு உட்கார்ந்து விளக்கியவர்கள் சிலரே. 1904 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தோன்றிய நாள் தொட்டுப் பேரேடே சங்கத்தின் கண்ணாக இருந்தது. 2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு 2,516 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்தது. அதன் பின் திரையே சங்கத்தின் கண்ணாகிவருகிறது. கண்ணுக்கு வரும் சிறு நோய்களை வீட்டாரே அறிந்திருத்தல் நலம் அன்றோ? ஊழியர்கள் மட்டுமன்றி நிர்வாகக் குழுவினரும் அங்கத்தினரும் அறியவேண்டியவற்றை இங்கே கூற முற்படுகிறேன்.

திரை வேறு, கணக்கு வேறு

முதலாவதாக மனத்தில் பதியவேண்டியது ஒன்று. மானிட்டர் என்பது கணினி அன்று. அது கணினியின் ஜன்னல். நாம் பதியும் வரவு செலவு யாவும் மேசைக்கு அடியிலுள்ள பெட்டியிலோ, தொலைவிலுள்ள தலைமைக் கணினியிலோ தங்குகின்றன. ஜன்னல் சாத்திக்கொண்டால் வீட்டிலுள்ள நெல் அழிந்துவிடுவதில்லை. அவ்வாறே திரை இருண்டால் அங்கத்தினர் கணக்கு அழிந்துவிடுவதில்லை.

இதை அறியாதவர் செய்யும் பெரும்பிழை, திரை இருண்டவுடன் கணினிப் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவதாகும். கணினி ஒரு பதிவை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் இவ்வாறு அணைத்தால், கெடாத கணக்கும் கெடக்கூடும். நோய் கண்ணில் இருக்க, கழுத்தை நெரிப்பது போன்றது அது.

திரை வேலை செய்யும் விதம்

நெசவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. பாவும் ஊடையும் குறுக்கிடும் இடந்தோறும் ஒரு புள்ளி உண்டாகிறது. அப்புள்ளிகளின் நிறமே புடவையின் உருவாகிறது. மானிட்டரும் அவ்வாறே. இன்று சங்கங்களில் மிகுதியாகக் காணப்படும் திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன, மொத்தம் 20,73,600. ஒவ்வொரு புள்ளியினுள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நுண்கண்கள் இருக்கின்றன. இம்மூன்று ஒளிகளும் கூடும் அளவைப் பொறுத்தே எல்லா நிறங்களும் தோன்றுகின்றன. மூன்றும் முழுமையாகக் கூடினால் வெண்மை.

கணினிக்கும் தறிக்கும் உள்ள உறவு உவமையோடு நிற்பதன்று. 1804 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரீ ஜக்கார் என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு இழைகளைத் தூக்கும் சாதனத்தை அமைத்தார். நம் நெசவாளர்கள் ‘ஜக்கார்டு பெட்டி’ என்று சொல்வது அதுவே. துளை உண்டு, துளை இல்லை என்ற அவ்வட்டை மொழியையே பிற்காலத்தில் கணக்கிடும் எந்திரங்களும் கைக்கொண்டன. அமெரிக்க நாட்டின் 1890 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு துளையட்டைகளால் தொகுக்கப்பட்டது. ஆகவே கணினியைக் கண்டு மலைக்க நெசவாளருக்கு நியாயமில்லை.

விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு. திரையின் பின்புறத்தில் ஒரு விளக்கு எப்பொழுதும் எரிந்துகொண்டிருக்கிறது. அவ்வொளியைத் தடுத்தும் விட்டும் முறைப்படுத்துவது திரவப் படிகம் என்னும் பொருள். வாய்க்கால் நீரை மடை திறந்தும் அடைத்தும் விடுவதுபோல, மின்சாரத்தின் ஏவலுக்கேற்ப அது ஒளியைத் திறந்தும் அடைத்தும் விடுகிறது. 1888 ஆம் ஆண்டில் ரைனிட்சர் என்னும் ஆஸ்திரியத் தாவர அறிஞர், காரட்டுக் கிழங்கிலிருந்து எடுத்த ஒரு பொருளை ஆராயும்போதே இவ்வகைப் பொருளின் விந்தைத் தன்மையை முதன்முதலாகக் கண்டார்.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம்: திரையில் உரு தோன்ற மூன்று சேரவேண்டும். ஒன்று, மானிட்டருக்கு மின்சாரம். இரண்டு, கணினியிலிருந்து கேபிள் வழியே வரும் செய்தி. மூன்று, பின்விளக்கும் படிகமும் நன்னிலையில் இருத்தல். பழுது எதுவாயினும் இம்மூன்றில் ஒன்றிலேதான் இருக்கும்.

அமைக்கும் முறை

மானிட்டரைச் சுவரின் ஈரம் படாத இடத்தில், ஜன்னலுக்கு நேராகவும் எதிராகவும் இல்லாமல், ஜன்னல் பக்கவாட்டில் இருக்குமாறு வைக்கவேண்டும். நேரே ஜன்னல் இருந்தால் எழுத்தரின் கண் கூசும். எதிரே இருந்தால் திரையில் வெளிச்சம் பட்டு எண்கள் மங்கும். 3 என்பதை 8 என்று படித்து ஒருவர் கணக்கில் ஏற்றிவிட நேரலாம். திரை கண்ணிலிருந்து ஒரு கைநீளத்தில், அதாவது 20 முதல் 30 அங்குலத் தூரத்தில் இருக்கலாம். அதன் மேல் விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழ்வாகவோ அமைதல் நலம்.

கேபிள்களில் இரு வகை நம் சங்கங்களில் மிகுதி. இருபுறமும் திருகாணியும் நடுவில் 15 ஊசிகளும் உள்ளது வி.ஜி.ஏ.; 1987 இல் வந்த பழைய வகை. திருகாணியின்றித் தட்டையாகச் செருகுவது எச்.டி.எம்.ஐ.; இதில் உரு எண்களாகவே செல்வதால் எழுத்துக்கள் கூர்மையாகத் தெரியும். கணினியிலும் மானிட்டரிலும் இரண்டு வாய்களும் இருக்குமாயின் எச்.டி.எம்.ஐ.யையே உபயோகிக்கலாம். வி.ஜி.ஏ.யைச் செருகும்போது ஊசிகள் வளையாவண்ணம் நேராகச் செருகி, திருகாணிகளைக் கையாலேயே முடுக்கவேண்டும். முடுக்காமல் விட்டால் மேசை அசையும்போதெல்லாம் திரையும் அசையும்.

சில கணினிகளில் படத்துக்கென்று தனி அட்டை பொருத்தப்பட்டிருக்கும். அப்பொழுது பெட்டியின் பின்புறத்தில் கேபிள் செருகும் வாய்கள் இரண்டு இடங்களில் காணப்படும். தனி அட்டையிலுள்ள வாயிலேயே செருகவேண்டும். இடம் மாற்றிச் செருகிவிட்டு ‘புதுக் கணினியே பழுது’ என்று திருப்பி அனுப்புவோரும் உண்டு.

மின்சாரம் 230 வோல்ட். மூன்று கால் பிளக்கும் நல்ல எர்த்தும் இன்றியமையாதன. மானிட்டரின் பிளக்கையும் கணினியின் பிளக்கையும் ஒருங்கே யு.பி.எஸ்.ஸில், பாட்டரி தாங்கும் வாயில் செருகவேண்டும். கணினியை மட்டும் யு.பி.எஸ்.ஸில் செருகி மானிட்டரைச் சுவர் ஸ்விட்சில் விட்டால், மின்தடை வந்ததும் கணினி ஓடிக்கொண்டிருக்கத் திரை மட்டும் அணையும்; எழுத்தர் கண்கட்டிய நிலையில் இருப்பார். லேசர் அச்சுப்பொறியை யு.பி.எஸ்.ஸில் செருகலாகாது; அது திடீரென்று மிகுந்த மின்சாரத்தை இழுக்கும்.

பழுது காணும் வரிசை

பழுது பார்ப்பதில் பொன்னான விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பது. நான்கையும் ஒரே சமயத்தில் கழற்றி மாட்டினால் எது பழுது என்பது எக்காலத்தும் தெரியாது.

1. மானிட்டரின் கீழ்விளிம்பிலுள்ள சிறு விளக்கைப் பாருங்கள். அது எரியவே இல்லையாயின் மின்சாரம் வரவில்லை. பிளக், ஸ்விட்ச், மானிட்டரின் பின்னால் செருகியுள்ள மின்கயிறு, யு.பி.எஸ். ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். அதே வாயில் ஒரு மேசை விளக்கைச் செருகி எரிகிறதா என்று பார்த்தால், பழுது சுவரிலா மானிட்டரிலா என்பது விளங்கிவிடும்.

2. விளக்கு மஞ்சளாக எரிந்தாலோ சிமிட்டினாலோ, அல்லது திரையில் ‘நோ சிக்னல்’ என்று தோன்றினாலோ, மானிட்டர் உயிரோடுதான் இருக்கிறது. செய்தி வந்து சேரவில்லை என்பது பொருள். கணினி உறங்கியிருக்கலாம், ஏதேனும் ஒரு விசையை அழுத்திச் சற்றுப் பொறுங்கள். பின்னர் விசைப்பலகையில் ‘நம் லாக்’ அல்லது ‘கேப்ஸ் லாக்’ விசையை அழுத்துங்கள். அதற்குரிய சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் கீழ்ப்படியுமானால் கணினியும் உயிரோடு இருக்கிறது. எனில் பழுது வழியில் உள்ளது. கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, ஊசிகளைப் பார்த்து, மீண்டும் செருகுங்கள்.

3. கேபிள் சரியாக இருந்தும் செய்தி வரவில்லையாயின், மானிட்டரின் பொத்தானைக் கொண்டு ‘இன்புட்’ அல்லது ‘சோர்ஸ்’ என்னும் இடத்தைப் பாருங்கள். கேபிள் எச்.டி.எம்.ஐ. வாயில் இருக்க, மானிட்டர் வி.ஜி.ஏ. வாயைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும். கீழ்வாசலில் விருந்தினர் நிற்க மேல்வாசலைத் திறந்து வைப்பது போன்றது இது.

4. இரண்டு திரைகள் உள்ள சங்கங்களில், விண்டோஸ் குறியுள்ள விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தினால், உரு எந்தத் திரைக்குச் செல்லவேண்டும் என்ற பட்டியல் தோன்றும். யாரோ அறியாமல் ‘இரண்டாவது திரை மட்டும்’ என்பதைத் தேர்ந்தமையால் முதல் திரை இருண்டிருக்கலாம்.

5. ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று தோன்றினால், மானிட்டரின் சக்திக்கு மீறிய அளவைக் கணினி அனுப்புகிறது என்பது பொருள். அளவை மாற்றியதும் விண்டோஸ் ‘இதை வைத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்கும். ஒன்றும் அழுத்தாமல் 15 விநாடி பொறுத்தால் பழைய அளவுக்குத் தானே திரும்பிவிடும். எழுத்துக்கள் அமுங்கியோ மங்கியோ தெரிந்தால், ‘டிஸ்பிளே செட்டிங்ஸ்’ சென்று ‘ரெக்கமெண்டட்’ என்று குறித்திருக்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள்.

6. நிறம் மாறித் தோன்றினால் பெரும்பாலும் வி.ஜி.ஏ. கேபிளின் ஓர் ஊசி வளைந்திருக்கும். மூன்று நிறங்களும் தனித்தனி ஊசிகளில் வருகின்றன. நீலம் தவறினால் வெண்மை மஞ்சளாகும். பச்சை தவறினால் செவ்வூதாவாகும். சிவப்பு தவறினால் நீலப்பச்சையாகும். நெசவாளர் சங்கங்கள் இதில் மிகுந்த கவனம் செலுத்தவேண்டும். நீலம் தவறிய திரையில் ஊதாக் கரை சிவப்பாகவே தெரியும். அதை நம்பி நூலுக்குச் சாயம் போட்டால் பாவு முழுவதும் வீண். நல்ல திரையுங்கூடச் சாயத்தின் நிறத்தை அப்படியே காட்டாது. ஆகவே சங்கரன்கோவிலாயினும் கடையநல்லூராயினும், திரையில் கண்ட நிறத்துக்கு ஆர்டர் ஏற்காமல், சாயமிட்ட நூல் மாதிரியைக் கையில் வைத்தே நிறத்தை முடிவு செய்க.

7. கோடுகள் விழுந்தாலோ உரு துடித்தாலோ ஒரு சோதனை செய்யலாம். மானிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் சொந்தப் பட்டியலை வரவழையுங்கள். அப்பட்டியல் மட்டும் தெளிவாகத் தோன்றினால் பழுது கேபிளிலோ கணினியிலோ உள்ளது. பட்டியலின் மேலும் கோடுகள் ஓடினால் பழுது மானிட்டரினுள்ளே உள்ளது.

8. விளக்கு சரியாக எரிந்தும் திரை கறுப்பாகவே இருந்தால், அறையை இருட்டாக்கி டார்ச் விளக்கைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்துக்கள் மங்கலாகத் தெரிந்தால் பின்விளக்கு கெட்டுவிட்டது என்று பொருள். அது பழுது பார்ப்பவரிடம் செல்லவேண்டியது.

இவ்வளவும் செய்து விளங்காவிடில், நன்றாக ஓடும் வேறொரு கேபிளையும், பின்னர் வேறொரு மானிட்டரையும் மாற்றிப் பார்த்தால் பழுதின் இடம் தெரிந்துவிடும். மானிட்டரின் பின்மூடியை மட்டும் எக்காரணங்கொண்டும் திறக்கலாகாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் சிறிது நேரம் தேங்கியிருக்கக் கூடும். பெட்டி போன்ற பழைய மானிட்டர்களிலோ அது இருபதினாயிரம் வோல்ட்டையும் தாண்டும்.

சாரலும் இடியும் பஞ்சும்

நம் வட்டாரத்திற்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று, குற்றாலம், இலஞ்சி, பண்பொழிப் பக்கங்களில் சுவரையும் காகிதத்தையும் நமக்கச் செய்வதை யாவரும் அறிவர். அவ்வீரம் கேபிள் ஊசிகளில் களிம்பை உண்டாக்கும். ஆகவே விடுமுறை நாட்கள் தொடர்ந்து வந்தாலும் இடையில் ஒரு முறை கணினியையும் மானிட்டரையும் ஒரு மணி நேரம் ஓடவிடுவது நன்று. தன் வெப்பத்தாலேயே அது ஈரத்தைப் போக்கிக்கொள்ளும். நீர் பட்டுவிட்ட மானிட்டரையோ, பிளக்கைக் கழற்றி, நன்கு உலர்ந்த பின் பழுது பார்ப்பவரிடம் காட்டாமல் ஓட்டலாகாது.

கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி அதிகம். அப்பொழுது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் இணையக் கேபிளையும் முன்கூட்டியே கழற்றிவிடவேண்டும். இடி முழங்கிக்கொண்டிருக்கும்போது கழற்றப் போகவேண்டாம்.

நெசவாளர் சங்கங்களில் பஞ்சுத் தூசி மானிட்டரின் காற்றுத் துளைகளை அடைக்கும். பல்லியும் எறும்பும் அத்துளை வழியே குடிபுகும். வாரம் ஒரு முறை துளைகளைத் தூரிகையால் துடைக்கவேண்டும். திரையைத் துடைக்க, அணைத்த பின், கஞ்சி போடாத பழைய கைத்தறி வேட்டித் துணி போன்று சிறந்தது வேறில்லை. வேண்டுமாயின் துணியைச் சிறிது நனைத்துப் பிழிந்து உபயோகிக்கலாம். கஞ்சித் துணி கீறும். ஸ்பிரிட்டும் கண்ணாடி துடைக்கும் திரவமும் திரையின் மேற்பூச்சைக் கெடுக்கும்.

அங்கத்தினர் உரிமையும் சங்கத்தின் கடமையும்

பேரேட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமையை நம் முன்னோர் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. திரையிலும் அவ்வுரிமை நமக்கு வேண்டும். வசதியுள்ள சங்கங்கள் அங்கத்தினர் பக்கம் நோக்கிய இரண்டாவது மானிட்டர் ஒன்றை வைக்கலாம். பணம் கட்டுபவர், தம் பெயரும் தொகையும் ஏறுவதைத் தம் கண்ணாலேயே பார்த்த பின் ரசீது பெறட்டும். ஆனால் ஒருவர் கணக்கு அடுத்தவர் கண்ணில் படாதவாறு, ஒவ்வொருவர் அலுவல் முடிந்ததும் திரையைத் துப்புரவாக்கிவிடவேண்டும்.

புதிய மானிட்டர் வாங்கியதும் அதன் எண்ணையும் வாங்கிய தேதியையும் தளவாடப் பதிவேட்டில் எழுதி, உத்தரவாதச் சீட்டைப் பில்லுடன் சேர்த்து வைக்கவேண்டும். உத்தரவாதக் காலம் முடியுமுன் வந்த பழுதுக்குச் சங்கப் பணத்தைச் செலவிடுவது அங்கத்தினர் பணத்தை வீணாக்குவதாகும். கழிந்த மானிட்டரைக் குப்பையில் எறியலாகாது. பழைய பெட்டி மானிட்டர்களின் கண்ணாடியில் ஈயம் உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அதை ஒப்படைக்கவேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். திரை பழுதானால் வரவு நிற்கலாகாது. பக்க எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் ஒன்றைக் காரியதரிசி மேசையில் எப்பொழுதும் வைத்திருந்து, பணத்தை அன்றே பெற்று, அன்றைய தேதியிட்டு ரசீது அளித்து, திரை சீரானதும் முறையாகக் கணக்கில் ஏற்றவேண்டும். அத்துடன் ஒரு மாற்றுக் கேபிளும் அலமாரியில் இருக்கட்டும். அதன் விலை சில நூறு ரூபாய்தான். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இவ்விரண்டும் நம் சங்கத்தில் உள்ளனவா என்று அங்கத்தினர் எவரேனும் எழுந்து கேட்பாராயின், மடியில் பணத்துடன் மழையில் நிற்கும் ஒருவரை ‘நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்பும் நிலை நம் சங்கங்களில் ஏற்படாது.